மெதுவாக இறங்கும் மூடி

பியானோ வாங்கப் போகிறவர்களுக்கு நான் ஒன்றுதான் சொல்வேன், மேடம். கடையில் வாசித்துக் காட்டுவதை நம்பாதீர்கள். கடையில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து, கதவைச் சாத்தி, அடுத்த அறையில் உட்கார்ந்து கேட்டால்தான் அதன் லட்சணம் தெரியும்.

கேட்பதுதான் என் பிழைப்பே. காது கேளாதவர்கள் மாட்டிக்கொள்ளும் கருவியில் காதுக்குள் பொருந்துகிற சின்ன அச்சு இருக்கிறதல்லவா, அதை வீட்டிலேயே செய்து கொடுக்கிறேன். ஆளுக்கு ஆள் காது வேறு. மயிரிழை பிசகினாலும் கருவி கீச்சென்று கத்தும். எனக்குப் பாம்புக் காது என்று சின்ன வயதிலிருந்தே கேலி செய்வார்கள். கல்யாணமான புதிதில் என் மனைவியும் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் இசை ஆசிரியையாக இருந்தாள். அங்கே வாசிப்பதை வீட்டில் வாசிக்கலாமே என்று நான்தான் சொன்னேன். சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒருநாள் வேலையை விட்டாள். அதற்கு ஈடாகத்தான் பியானோ. யாரும் என்னைக் கஞ்சன் என்று சொல்லிவிட முடியாது.

கடையில் இரண்டைக் காட்டினார்கள். ஒன்று சாதாரண பியானோ. இன்னொன்று சைலன்ட் பியானோ. பார்க்க இரண்டும் ஒன்றுதான். ஆனால் சைலன்ட்டில் விரல் வைத்து வாசிக்கும் கட்டைகளுக்கு அடியில் ஒரு பிடி இருக்கிறது. அதை இழுத்தால் உள்ளே இருக்கும் சுத்தியல்கள் கம்பியைத் தொடாமல் பாதியிலேயே நின்றுவிடும். வாசிப்பது ஹெட்போன் போட்டவருக்கு மட்டும் கேட்கும். கட்டைகளின் மேல் இறங்கும் மூடியும் புது மாதிரி. கையை விட்டாலும் பொத்தென்று விழாமல் மெதுவாக இறங்கும். விரல் நசுங்காது என்று கடைக்காரர் தன் விரலையே வைத்துக் காட்டினார்.

என் மனைவிக்கு அதுதான் பிடித்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி வாசித்தாள். எனக்குக் கட்டைகள் டொக் டொக்கென்று இறங்குவது மட்டும்தான் கேட்டது. என்ன பாட்டென்று தெரியவில்லை. திடீரென்று சிரித்தாள், மேடம். எதற்குச் சிரித்தாள் என்றும் தெரியவில்லை.

"அடுத்த ரூம்ல இருக்கிற எனக்கு எப்படிக் கேக்கும்?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"உங்களுக்கு ஒண்ணுமே கேக்காது சார். நிம்மதியா இருக்கலாம்" என்றார். எல்லாக் கணவர்களும் அதற்காகத்தான் வாங்குகிறார்கள் என்று கண்ணடித்தார். நானும் பட்டும் படாமல் சிரித்துவைத்தேன். சாதாரண பியானோவுக்கு முன்பணம் கட்டினேன். அவள் ஹெட்போனைக் கழற்றி, ஒயரை ஒழுங்காகச் சுற்றி, இருந்த இடத்திலேயே வைத்தாள். சரியான வாயில்லாப் பூச்சி.

பியானோ வந்த பிறகுதான் வீடு வீடாக இருந்தது. நான் என் மேசையில் அச்சைத் தேய்த்துக்கொண்டிருப்பேன், அவள் பக்கத்து அறையில் வாசிப்பாள். சத்தம் வந்தால் அவள் இருக்கிறாள். நின்றால் பென்சிலால் சுவரில் ஒரு தட்டுத் தட்டுவேன். மறுபடியும் வரும். தண்ணீர் குடிக்கப் போவதென்றால் அவளே "தண்ணி குடிக்கப் போறேங்க" என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பாள். நான் வெளியே போகிற நாட்களில் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொள்வேன், காலம் கெட்டுக் கிடக்கிறதே. போகிற இடத்திலிருந்து வீட்டு போனுக்குக் கூப்பிட்டு, ரிசீவரைப் பியானோ மேல் வைக்கச் சொல்வேன். கேட்டுக்கொண்டே என் வேலையை முடித்துவிட்டு வருவேன். அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது வாசிக்கச் சொல்லவில்லை. கட்டிலைப் பியானோ பக்கத்தில் இழுத்துப் போட்டு, அவ்வப்போது ஒரே ஒரு கட்டையைத் தட்டினால் போதும் என்றேன். அந்த அளவுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறேன்.

கீழ்வீட்டில் ஒரு டாக்ஸிக்காரர் இருக்கிறார். ராத்திரி வண்டி ஓட்டிவிட்டுப் பகலில் தூங்குகிறவர். ஆரம்பத்தில் அவர்தான் மேலே வந்து, "சார், சத்தமே வராத பியானோ எல்லாம் இருக்காமே, அதை வாங்கக் கூடாதா?" என்று கெஞ்சினார். போகப் போகப் பழகிவிட்டது போல. புகார் சொல்வது நின்றுவிட்டது.

பிறகு என் மச்சினி ஒருநாள் வந்தாள். அக்காவுக்காக ஒரு பெட்டி நிறையப் பாட்டுப் புத்தகம். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அக்காவும் தங்கையும் பாட்டைப் பற்றித்தான் பேசினார்கள். கிளம்பும்போது மச்சினி படியில் டாக்ஸிக்காரரோடு இரண்டு வார்த்தை பேசியது எனக்குக் கேட்டது. என்ன பேசினாள் என்பது பிடிபடவில்லை. என் காதுக்கும் ஒரு எல்லை இருக்கிறது.

அதற்கப்புறம் வாசிப்பு மாறியது. கனமான, கீழ் ஸ்தாயிச் சத்தம் மட்டும் வந்தது. மேல் ஸ்தாயியில் வாசிக்கவேண்டிய வலது கையைக் காணோம். கேட்டதற்கு, இடது கை பலவீனமாக இருக்கிறது, அதற்குத் தனியாகப் பயிற்சி என்றாள். என்னிடமே காது குத்துகிறாள். வலது கை என்ன செய்கிறது என்று யோசித்தேன். செருப்பில்லாமல் போய்ப் பின்னால் நின்றேன்.

மச்சினி கொண்டுவந்த பாட்டுப் புத்தகத்தின் நடுவே ஒரு செல்போன். வலது கையால் தங்கைக்கு எழுதிக்கொண்டிருந்தாள். தோளுக்கு மேலாகப் படித்தேன். 'கீழ்வீட்டு அண்ணன்கிட்ட சொல்லிட்டியா? வாசிக்கிறது பாதியில நின்னா மேல வரச் சொல்லு.' தங்கையின் பதிலும் அங்கேயே இருந்தது. 'சொல்லிட்டேன்க்கா. ஞாயித்துக்கிழமை பூட்டு உடைக்க ஆளோட வர்றேன். அதுவரைக்கும் வாசிச்சுக்கிட்டே இரு.'

எனக்கு வலித்தது எது தெரியுமா? ஓடிப்போக நினைத்ததுகூட இல்லை. அத்தனை நாளும் அவள் எனக்காக வாசிக்கிறாள் என்று நினைத்திருந்தேன். கீழே படுத்துக்கொண்டு ஒரு டாக்ஸிக்காரன் என்னைப் போலவே காதைத் தீட்டிக்கொண்டிருந்திருக்கிறான்.

நான் கத்தவில்லை. போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"ரெண்டு கையாலயும் வாசிம்மா" என்றேன்.

"என்னங்க, நான் எங்கயும் போகல" என்றாள். இரண்டு கைகளையும் கட்டைகள்மேல் வைத்து வாசிக்க ஆரம்பித்தாள். நன்றாகத்தான் வாசித்தாள். அப்போதுதான் மூடி விழுந்தது.

முதல் வாக்குமூலத்தில் கை தவறி விழுந்தது என்று சொன்னேன், நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். இப்போது டாக்டர் ஏதோ சொல்கிறார் என்கிறீர்கள். விரல்களில் ஒரு காயம், மணிக்கட்டுப் பக்கம் இன்னொரு காயம். டாக்ஸிக்காரரும் அதையேதான் சொல்கிறார். எல்லாக் கட்டைகளும் சேர்ந்து அலறின, அது அடங்குவதற்குள் இன்னொரு தடவை அலறின, பிறகு சத்தமே இல்லை, அதனால்தான் ஓடிவந்து கதவை உடைத்தேன் என்கிறார். அவருக்கும் நல்ல காதுதான்.

ஆமாம், இரண்டு தடவை. தானாக விழுகிற மூடி இல்லை அது. திறந்து வைத்தால் அப்படியே நிற்கும். நான்தான் மூடினேன். பிறகு திறந்து பார்த்தேன். அவள் கையை எடுக்கவில்லை. எடுக்க முடிந்திருக்காது என்கிறீர்கள், இருக்கலாம். இருக்கிறேன் என்கிறாளா, போகிறேன் என்கிறாளா என்று எனக்கு விளங்கவில்லை. அதனால் மறுபடியும் மூடினேன். அதன் மேல் உட்கார்ந்தேன். கதவு உடைகிறவரை உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் ஒன்றை மட்டும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். இத்தனை வருடத்தில் நான் அவள்மேல் ஒருதடவைகூடக் கை நீட்டியதில்லை.

இனி அவளால் வாசிக்க முடியாது என்று டாக்டர் சொன்னாராம். டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அவள் வீட்டுக்கு வரட்டும், ஒரு விரல் போதும், ஒரு கட்டையைத் தட்டினால் போதும். நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன். அந்த இன்னொரு பியானோவை வாங்கியிருந்தால் மூடி மெதுவாக இறங்கியிருக்கும், கீழ்வீட்டுக்கும் ஒன்றும் கேட்டிருக்காது. தப்பு என் பேரில்தான், மேடம். பியானோ வாங்கும்போதே கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும்.