சாண் கணக்கில் ஒரு கடல்

சங்ககிரியிலிருந்து சேலம் போகும் பேருந்தில், எனக்கு முன்சீட்டில் மலர் என்ற பெண்ணும், அவர் துரையண்ணா என்று கூப்பிட்ட பெரிய ஆளும் இருந்தார்கள். அவர்களோடு சேர்ந்து வரையும் சுமதி ஆத்தூரிலிருந்து நேராகச் சேலம் வருகிறார். மூவரும் அவரவர் வீட்டில், ஆளுக்கொரு பலகையில் வரைந்த ஒரே கடலின் நடுப்பகுதி சுமதியிடம் இருந்தது. பத்து மணிக்குச் சேலத்தில் கண்காட்சி. மலர் தங்கள் பலகைகள் இரண்டையும் ஒட்டி வைத்துப் பார்த்தார்.

“ஏனுங்ண்ணா, உங்க கடல் மட்டும் இத்தனை கீழ கெடக்குது?”

“மேல ஒரு சாண் வானம் விடோணும்னு குரூப்புல போட்டது நீதானே சாமி. ஒரு சாண் விட்டேன்.”

“உங்க கை முறமாட்ட இருக்குதுங்க. ஊட்ல ஸ்கேல் இல்லீங்களா?”

“உங்க ஊட்ல இருந்துச்சா?”

மலர் தன் கையைச் சாணாக விரித்துப் பார்த்தார்.

“சுமதி கை என்னையவிடச் சின்னதுங்க. அவ கடல் இன்னும் மேல ஏறியிருக்கும்.”

“அப்ப கடலா அது, படிக்கட்டா?”

“உங்களுத தூக்கி, அவளுத எறக்கி மாட்டலாங்க. தண்ணி நேரா வந்துரும்.”

“பலகை ஏறி எறங்கி நிக்குமே.”

“நிக்கட்டுங்க. கடல்தான் அப்படி நிக்கக் கூடாது.”

“நேத்துதான் கண்காட்சிச் செவுத்துல மூணு ஆணியும் ஒரே மட்டத்துல அடிச்சுட்டு வந்தேன்.”

சேலத்தில் இறங்கியதும் இருவரும் எதிரே இருந்த ஹார்டுவேர் கடைக்குப் போனார்கள். ஆணி இரண்டு, நான்கு ரூபாய்.