முன்வாசல் ஆணிகள்

சாயங்காலம் நாலு மணி இருக்கும். அக்டோபர் மாதம். துறைமுகத்திலிருந்து மேட்டுத் தெருவுக்கு ஏறும் சாலையில் ஈ, காக்கை இல்லை... மூடுபனி மட்டும். அதற்குள் ஒருத்தி விறுவிறுவென்று, கோபமாக ஏறி வந்துகொண்டிருந்தாள்.

நம் எல்ராய் இருக்கிறானே, அவன் மனைவிக்குப் பெரியம்மா மகள். பெயர் மரியன். சிரிக்காதே எல்ராய், உன் வீட்டுக் கதைதான். கரண்ட் இப்போதைக்கு வராது. எல்லோரும் அடுப்புப் பக்கம் நெருங்கி உட்காருங்கள்.

மரியன் பிறந்து வளர்ந்தது இந்த ஊரில்தான். ஆனால் அன்று வந்தது சுற்றுலாக் கப்பலில். கழுத்தில் பயணி அட்டை. ஆறு மணிக்குள் திரும்ப வேண்டும் என்று உத்தரவு. அந்தக் கப்பல் கூட்டத்தைத்தான் உங்களுக்குத் தெரியுமே... நம் சமையலறை ஜன்னலில் மூக்கை ஒட்டவைத்து, 'இங்கே நிஜமாகவே ஆள் குடியிருக்கிறார்களா' என்று கேட்கிற ஜென்மங்கள். அவர்களோடு வரிசையில் நின்று சொந்த ஊரில் இறங்கியதே அவளுக்கு வயிற்றெரிச்சல். அப்பா மீனுக்கு உப்புப் போட்ட கொட்டகையில் இப்போது துணிப் பொம்மை நண்டு விற்கிறார்கள்.

ஆனால் அவளுடைய அசல் கோபம் தங்கை வெர்னா மேல். அம்மா செத்த சேதியை, மண்ணில் வைத்து ஒரு மாதம் கழித்துத்தான் வெர்னா சொன்னாள். கடைசி முகத்தைக்கூடப் பார்க்க விடவில்லை. ஏன் என்று கேட்காமல் கப்பல் ஏறுவதில்லை என்று மரியன் வந்திருந்தாள்.

நம் வீடுகளில் புழக்கமெல்லாம் பின்வாசல். முன்வாசல் சவப்பெட்டி போவதற்கு. அதைத் தட்டுவது கப்பல் ஆட்கள் மட்டும்தான். மரியனுக்கு இது தெரியாதா? தெரிந்தேதான், வேண்டுமென்றே, நேரே முன்படி ஏறி ஓங்கித் தட்டினாள்.

உள்ளேயிருந்து யாரோ திருப்பித் தட்டினார்கள். டொக்... டொக்... கதவிடுக்கில் நனைந்த கம்பளி வாடை. மீன் எண்ணெய் வாடை.

வெர்னா வீட்டைச் சுற்றிக்கொண்டு வெளியே ஓடி வந்தாள். கையெல்லாம் மாவு. அக்காவைப் பார்த்து எத்தனையோ வருஷம், ஒரு 'வா' கூட இல்லை.

"தட்டாதே மரியன். பின்னாடி வா."

"பின்னாடி வர்றது வீட்டு மனுஷங்க. என்னைத்தான் நீ யாரோவா ஆக்கிட்டியே. உள்ளே யாரு?"

வெர்னா தரையைப் பார்த்தாள். "கார்ல்."

கார்ல் அவர்களுடைய தம்பி. பல வருஷம் முன்னால் ஒரு பிப்ரவரிப் புயலில் படகோடு போனவன், உடல் கிடைக்கவில்லை. உடல் இல்லை, பெட்டி இல்லை, முன்வாசல் திறக்கவில்லை. அம்மாக்காரி அதோடு விட்டாளா? சுத்தியலை எடுத்து அந்தக் கதவை உள்பக்கமாக ஆணி அடித்து மூடினாள். வாசல் வழியாகப் போகாத பிள்ளை வீட்டிலேயே இருப்பான் என்று அவளுக்கு நினைப்பு. இருந்தான். நனைந்த பூட்ஸோடு கூடத்தில் நடந்தான்... வெளியே விடச் சொல்லித் தட்டிக்கொண்டே இருந்தான். அம்மாவின் பெட்டியையும் பின்வாசல் வழியாகத்தான் தூக்கிப் போனார்கள்.

"அம்மா சத்தியம் வாங்கிட்டா. மரியனுக்குச் சொல்லாதே, வந்தா ஆணியைப் புடுங்கிடுவா, அவ குணம் எனக்குத் தெரியும்னா."

மரியனுக்குச் சுர்ரென்று ஏறியது. "செத்தவனை அடைச்சு வெச்சிருக்கீங்க. அதுக்காக என்னையும் அவ முகத்தைப் பார்க்க விடலே. நீங்கள்லாம் மனுஷங்களா?"

பின்வாசல் வழியாக நுழைந்து, அடுப்புக் கிளறும் கம்பியை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். தடுத்த வெர்னாவைத் தள்ளிவிட்டாள். ஒவ்வொரு ஆணியாக நெம்பினாள். கிறீச்... கிறீச்... காற்றில் துரு வாடை. கடைசி ஆணி விழுந்ததும் கதவு தானே திறந்தது.

யாரும் கண்ணுக்குத் தெரியவில்லை. சளக்... சளக்... ஈரக்கால் சத்தம் மட்டும் இருவர் நடுவே போய், படி இறங்கியது. அங்கேயே நின்றது. யாருக்கோ காத்திருப்பது போல.

"இத்தனை வருஷமா அந்தச் சத்தம்தான் எனக்குத் துணை," என்றாள் வெர்னா. "போ. உன் கப்பலுக்குப் போ."

மரியன் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை. கப்பல் ஊதியது, கோபம் அடங்காமலே இறங்கிப் போனாள். இதை நினைத்தால் எனக்கே அவளை அறையலாம் போலிருக்கிறது.

கப்பலின் கயிற்றை அவிழ்க்கும்போது அவளுக்கு மனசு கேட்கவில்லை. மேல்தளத்தில் நின்று வீட்டுக்குப் போன் அடித்தாள். வெகுநேரம் மணி அடித்தது. எடுத்தார்கள்.

"வெர்னா... கோபத்துல பேசிட்டேன்டி."

ஒரு இருமல் கேட்டது. நெஞ்சுக்குள் மாட்டிக்கொண்டு வரும் இருமல்... அவளுக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த, அம்மாவின் இருமல்.

"வெர்னா இல்லேடி. கார்லோட கிளம்பிப் போயிட்டா. நான்தான் போகலே. உன் முகத்தைப் பார்க்காம எப்படிப் போறது? எப்போ வர்றே, மரியன்?"

கப்பல் துறையை விட்டு நகர்ந்திருந்தது.