பெனி கேட்ட ஆரஞ்சு

"ஹலோ... ஹலோ, பிலிப்போ... ஆமா, அக்காதான்... கடைக்குப் போயிட்டியா?"

தம்பி சமோவாத் தீவின் தலைநகர் ஆப்பியாவில் பெயிண்ட் கடையில் நின்றான். மகெரிட்டா, சாமான்களையெல்லாம் வெளியே எடுத்துவிட்ட முன்னறையில் நின்றாள். நியூசிலாந்துக்கு ஆப்பிள் பறிக்கப் போன அவள் கணவன் பெனி நாளைக்குப் பெட்டியில் வருகிறான். ஓர் இரவு அவனை இங்கே கிடத்த வேண்டும். சுவரோ இன்னும் வெறும் சிமெண்ட்.

"ஆமா, ஆமா... ரெண்டும் இருக்கா? சரி... ஒண்ணு தேங்காய்ப்பால் வெள்ளை, அது நான் சொன்னது. ஆரஞ்சு உன் மச்சான் சொன்னது... அதேதான், பஸ்ஸுக்கு அடிக்கிற ஆரஞ்சு. இதுக்குள்ள படுத்தா தூக்கம் வருமான்னு கேட்டேன். வெள்ளை அடிச்சா ஆஸ்பத்திரியாட்டம் இருக்கும்னாரு. போன மாசம் பூரா போன்ல இதே சண்டை...

"இல்லடா, அழல. வரல... பாதிரியார் சம்சாரமும் இதையேதான் கேட்டாங்க. சாவு விருந்துக்குப் பன்னி சொல்லியாச்சு, பாட்டுக்காரங்களுக்குச் சொல்லியாச்சு. எல்லாம் நானேதான் பேசினேன். மரத்துப் போன மாதிரி இருக்கு, அவ்ளோதான்...

"தெரியும்... தெரியும்டா. சொந்தக்காரங்க வந்து வழக்கப்படி சுவரு பூரா பாயும் லேஸ் துணியும் தொங்க விட்டுடுவாங்க. எந்தக் கலரும் தெரியாது. தெரியாட்டிப் போகுது. பூசாத சுவத்துக்குள்ள அவர வைக்க மாட்டேன்...

"என்ன?... ஆரஞ்சா?... அவரு ஆசைப்பட்டாருன்னா?"

காலையில் அவளும் அதைத்தான் நினைத்தாள். நினைத்ததுமே பயமாக இருந்தது. மற்றபடி இரண்டு நாளாக அவளுக்கு எந்த உணர்வுமே தோன்றவில்லை.

"...இருக்கேன், லைன்லதான் இருக்கேன்... வேணாம். வெள்ளையே எடு... பிடிவாதம் இல்லடா. நான் சொல்றதக் கேளு... ஆரஞ்சு அடிச்சா நான் விட்டுக்கொடுத்துட்டேன்னு ஆயிடும். சண்டை முடிஞ்சிரும். எனக்கும் அவருக்கும் நடுவுல இன்னும் முடியாம இருக்கறது அது ஒண்ணுதான், பிலிப்போ. அதையும் முடிச்சிட்டு நான் என்ன பண்ணுவேன்?...

"ஹலோ?... ஹலோ... டேய், நீ ஏன்டா அழற? கடையில நாலு பேரு பாக்கறாங்க... மூஞ்சியத் துடை... ஆமா, வெள்ளை... ஆமா... வெச்சிடறேன்."