சொட்டிய குழாயும் பூந்தொட்டிச் சாவியும்

பெயர்: பாஸ்போர்ட்டில் உள்ளபடி. வயது: ஐம்பத்தொன்பது. தொழில்: பிளம்பர், முப்பத்து நான்கு வருடமாக. தற்போதைய முகவரி: மகள் வீடு, கதவு எண் 46. இந்த எண் இன்று பிற்பகல்தான் எனக்குத் தெரியவந்தது.

மேற்படி நான் நேற்று மதியம் முதன்முறையாக இந்த நாட்டுக்கு வந்தேன். என் மகளுக்குத் தலைப்பிரசவம், இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது, அவள் அம்மா உயிரோடு இல்லை என்பதால் அந்த இடத்துக்கு நான் வந்திருக்கிறேன். இன்று காலை மாப்பிள்ளையோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, "அப்பா, வெளிய போனா தெருமுனை தாண்டாதீங்க, சாவி பூந்தொட்டிக்கு அடியில வைங்க" என்று மகள் சொன்னாள். அதன் பிறகு நான் வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் சோதித்தேன். ஒன்றுகூட ஒழுகவில்லை. சற்று ஏமாற்றத்துடன் ஸ்பேனரைப் பேண்ட் பையில் போட்டுக்கொண்டு, கதவைப் பூட்டி, சொன்ன இடத்தில் சாவியை வைத்துவிட்டு, பதினொரு மணியளவில் காற்று வாங்கப் புறப்பட்டேன்.

தெருவில் ஈ காக்கை இல்லை. ஏதோ துக்கம் போலிருக்கிறது என்று நானும் சத்தமில்லாமல் நடந்தேன். அதன் பிறகு, நன்றாக உடுத்தியிருந்த ஒரு பெண்மணி தன் நாய் போட்டதைப் பிளாஸ்டிக் பையில் அள்ளி, முடிச்சுப் போட்டு, கைப்பையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு போனார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதன் பிறகு சாலையைக் கடக்க ஓரமாக நின்றபோது ஒரு கார் எனக்காக நின்றது. யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று திரும்பிப் பார்த்தேன், யாரும் இல்லை. கார்க்காரரைப் போகச் சொல்லி நான் கை காட்ட, என்னைப் போகச் சொல்லி அவர் கை காட்ட, பின்னால் நான்கு கார்கள் சேர்ந்துவிட்டன. ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை. எங்கள் ஊராக இருந்தால் அதற்குள் என் பரம்பரையையே இழுத்திருப்பார்கள். கடக்காமலே திரும்பிவிட்டேன்.

அதன் பிறகு மகள் வீடு என்று நினைத்த வீட்டுக்கு வந்தேன். அந்த வரிசையில் எல்லா வீடும் ஒரே அச்சு, எல்லாக் கதவும் ஒரே பச்சை. தொட்டி இருந்தது, அடியில் சாவி இருந்தது, கதவும் திறந்தது. உள்ளே சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. காலையில் சொட்டாத குழாய் இப்போது எப்படிச் சொட்டும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. உள்ளதைச் சொன்னால், சந்தோஷப்பட்டேன். மெயின் வால்வை அடைத்துவிட்டுக் குழாயைக் கழற்றினேன்.

அப்போது சீருடை அணிந்த ஒருவர் உள்ளே வந்தார். அவர் பஸ் டிரைவர் என்பதும் வீட்டுக்காரர் என்பதும் பிறகு தெரிந்தது. மாப்பிள்ளையின் சிநேகிதர் என்று நினைத்து, ஸ்பேனர் பிடித்த கையாலேயே கும்பிட்டு, "வாங்க, வாங்க, உட்காருங்க, இப்ப வந்துருவாங்க" என்றேன். அவர் ஓடிப்போய்க் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டார். அவசரம் போலிருக்கிறது என்று நான் வேலையைத் தொடர்ந்தேன். அவர் உள்ளேயிருந்து தங்களுக்குப் போன் செய்தது எனக்குத் தெரியாது.

அதன் பிறகு தங்கள் ஆட்கள் இருவர் வந்து எனக்கு விலங்கு மாட்டினார்கள். அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து, "ஐயோ அப்பா, இது நம்ம வீடு இல்லப்பா, நம்மளது அடுத்தது!" என்று அழுதாள். எனக்கு உயிரே போய்விட்டது. அவளைத் தெரியுமா என்று டிரைவரைக் கேட்டார்கள். தெரியாது என்றாராம். மகளும் அவரைப் பார்த்ததே இல்லை என்றாள். மூன்று வருடமாக இருவரும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குடியிருக்கிறார்கள். விலங்கு மாட்டியபோதுகூட நான் இவ்வளவு அதிர்ந்துபோகவில்லை.

என்னைத் திருப்பி அனுப்பிவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது. அனுப்புவதானால் குழந்தை பிறந்த பிறகு அனுப்புங்கள். மாப்பிள்ளை வேலைக்குப் போயிருக்கும்போது வலி எடுத்தால், அவள் எந்தச் சுவரைத் தட்டுவாள்?

இன்னொன்று. டிரைவர் வீட்டு மெயின் வால்வு இன்னும் அடைத்தபடி இருக்கிறது, அவருக்குத் தண்ணீர் இல்லை. குழாயின் வாஷரைத் தாங்கள் தடயம் என்று உறையில் போட்டிருக்கிறீர்கள். அதைத் திருப்பிப் போட்டால் இன்னும் ஆறு மாதம் ஓடும். என்னை விடாவிட்டாலும் அதை என் மகளிடம் கொடுத்தனுப்புங்கள். பிளம்பர் மகள், மாட்டத் தெரியும். அந்தக் கதவைத் தட்ட அவளுக்கும் ஒரு காரணம் வேண்டும்.

நான் தமிழில் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் எழுதி, எனக்கு வாசித்துக் காட்டினார். கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை; அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)