வெறும் முள்

“முள்ளுல இரையே இருக்கக் கூடாது மாமா!”

குத்தாலத்தில் பஸ் ஏறி என் முன் இருக்கையில் உட்கார்ந்ததும் ஓர் இளைஞன் இப்படித்தான் வெடித்தான். மடியில் புதுத் தூண்டில். பக்கத்தில் அவனுடைய அக்காள் கணவர்.

“வெறும் முள்ள எந்த மீன் மாப்ள கடிக்கும்?”

“பக்கத்துலயே முடி மாதிரி நூல்ல மக்காச்சோளம் தொங்குச்சுல்ல? அதுக்குப் பேரே ஹேர் ரிக். கெண்டை அதை உறிஞ்சும், அப்புறம் துப்பும். துப்புறப்ப வெறும் முள்ளு உதட்டுல ஏறிடும். மூணு நாளா வீடியோ பாத்து அந்த முடிச்சப் பழகினேன். நான் டீ குடிக்கப் போனப்ப என்ன பண்ணீங்க?”

“நீ மறந்துட்டியோன்னு சோளத்தக் கழட்டி முள்ளுல குத்தி விட்டேன். முனைகூட வெளிய தெரியாம.”

“முனை தெரியலன்னா எப்படி ஏறும்? அவ்வளவு பெரிய கெண்டை! நூல இழுத்துச்சு, துப்பிட்டுப் போயிடுச்சு!”

“அதான் சொன்னேன், மண்புழு வச்சிருக்கணும்.”

இளைஞன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மயிலாடுதுறை வந்ததும் தூண்டிலை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

“மீனே நம்பி வந்துச்சு மாமா. நீங்கதான் என்னை நம்பல.”