சும்மா இருக்க ஓர் அட்டவணை

— டேய் தம்பி, ஃபிரிட்ஜ்ல ஒட்டியிருந்த என் டைம்டேபிள் எங்க?

— கிழிச்சுட்டேன்.

— அடப்பாவி! கலர் கலரா உக்காந்து போட்டேன்டா!

— டாக்டர் உன்னை ஓய்வெடுக்கச் சொன்னாருக்கா. நீ ஓய்வுக்கே அட்டவணை போடறே. ‘பதினோரு மணி: சும்மா இருத்தல்.’ பக்கத்துல டிக் அடிக்க ஒரு கட்டம் வேற!

— டிக் அடிச்சா ஒரு நிம்மதிடா.

— பல் கிளினிக், பாட்டுக் குழு, மாரத்தான், ஜப்பானிய மொழி வகுப்பு... இந்த நிம்மதியெல்லாம் சேந்துதான் உன்னை அந்த பேஷண்ட் தோள்ல சாய்ச்சுது.

— அதை ஞாபகப்படுத்தாதே, மானம் போகுது.

— பல் பிடுங்க, மரத்துப் போக நீ ஊசி போட்டது அவருக்கு. மயங்கினது நீ. பாவம் மனுஷன், திறந்த வாயோட “ஆ, ஆ”ன்னு நர்ஸைக் கூப்பிட்டிருக்காரு.

— போதும்டா, சிரிச்சு வயிறு வலிக்குது.

— நாளைக்குக் கிளினிக் போறே. சரி, மத்ததெல்லாம்?

— அதான் பயமா இருக்கு. ஒண்ணை விட்டாலும் நான் குறைஞ்சு போயிடுவேனோன்னு. யாரும் கட்டாயப்படுத்தலியே, எல்லாம் பிடிச்சுத்தானே செஞ்சேன்?

— அதான் வில்லங்கமே. பிடிக்காததுன்னா எப்பவோ தலைமுழுகியிருப்பே.

— ம்... பாட்டு மட்டும் வெச்சுக்கறேன். மத்ததை விட்டுடறேன், இப்போதைக்கு.

— இப்போதைக்கா?

— சரி தாத்தா, விட்டுட்டேன்! போதுமா?

— போதும் தாயே.

— தம்பி... ஆபீஸ், நீச்சல் கோச்சிங், பாதி எடுத்த குறும்படம், எல்லாத்தையும் அப்படியே போட்டுட்டு ஓடி வந்தே. சமைச்சுப் போட்டே, துணி துவைச்சே, மத்தியானம் எனக்குத் துணைக்குப் படுத்து என்னைவிட நல்லாத் தூங்கினே. நீ இல்லேன்னா என்ன ஆயிருப்பேனோ. கூடப்பிறந்தவன்கிட்ட நன்றி சொல்ல ஒரு மாதிரிதான் இருக்கு. இருந்தாலும் சொல்றேன், ரொம்ப நன்றிடா.

— நான்தான்க்கா உனக்குச் சொல்லணும்.

— எனக்கா? எதுக்கு?

— எனக்கு மாசக் கணக்கா தூக்கமே இல்ல. ஆபீஸ் லிஃப்ட்ல நின்னு காரணமே இல்லாம அழுதிருக்கேன். லீவு கேக்கலாம்னு மேனேஜர் ரூம் வாசல் வரைக்கும் போவேன், திரும்பி வந்துடுவேன். “அக்காவுக்கு முடியல”ன்னதும் பட்டுனு கேட்டுட்டேன். எனக்குன்னு கேக்கத்தான் வாயே வரலக்கா.