ஈசானிய வாசல்

நீங்கள் வாங்கித் தந்த கோப்பி நன்றாக இருக்கிறது ஐயா, சீனிதான் கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை, குடித்துக்கொண்டே சொல்கிறேன்.

சிராங்கூன் சாலையில், பூக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். வெளிநாட்டுத் தீவு ஒன்றில் தங்கமும் வெள்ளியும் எடுக்கப் புதிதாகச் சுரங்கம் தோண்ட அங்கேதான் திட்டம் போட்டோம். வரைபடம் என் பொறுப்பு. பாறையைச் சோதிப்பது சுஜீந்திரன். வாஸ்து பார்ப்பது முதலாளி மருதப்பன்.

சுஜீந்திரன் தெற்கில் வாசல் வைக்கச் சொன்னான். வடகிழக்கில் பாறை நொறுங்கல், தண்ணீர் கசிகிறது என்றான். முதலாளிக்கு முகம் சுண்டிப்போனது.

"தெற்கு எமன் திசை தம்பி. ஈசானியத்துல வைங்க லா. பாறைதானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்."

அட்ஜஸ்ட் பண்ணியது நான். சுஜீந்திரன் விடுப்பில் இருந்த வாரம், துளையிட்டு எடுத்த பாறைத் துண்டுகளின் பெட்டிகளில் 'தெற்கு' சீட்டைக் கிழித்துவிட்டு 'வடகிழக்கு' என்று ஒட்டினேன். அரைமணி நேர வேலை. "நீதான்யா இன்ஜினியர்" என்று முதலாளி தோளில் தட்டினார். பதினைந்து வருடத்தில் முதல் தடவை. சொன்னால் சிரிப்பீர்கள், சந்தோஷத்தில் கழிப்பறைக்குப் போய் அழுதேன்.

அறுபது மீட்டர் தோண்டிய பிறகு சுஜீந்திரனுக்குச் சந்தேகம் வந்தது. எப்போதும் அப்படித்தான், அடுத்தவன் வேலையில் மூக்கை நுழைப்பான்.

"அண்ணை, பெட்டியில சீட்டு மாறிப்போச்சு போல. உள்ளுக்குப் பதினொரு பேர் வேலை செய்யினம். நானே போய்ப் பாக்கிறன். பிழையெண்டா மேலிடத்துக்கு எழுதுவன்."

நானே டிக்கெட் போட்டுக் கொடுத்தேன், ஜன்னலோர இருக்கை. அவன் மனைவி வினுஷா போன் செய்து, "அண்ணை, அங்க பயமில்லைத்தானே?" என்று கேட்டாள். "ஒண்ணும் இல்லம்மா, பாறை இரும்பு மாதிரி" என்றேன். ஏழு மாதக் கர்ப்பிணியைப் பயமுறுத்துவது பண்பில்லை.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குச் சுரங்க வாசலிலிருந்து மேற்பார்வையாளர் யாசர் கூப்பிட்டார். வாசல் பக்கம் கூரையிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, பாறை முறிகிற சத்தம் கேட்கிறது, ஆட்களை வெளியே வரச் சொல்லட்டுமா என்றார்.

"சுஜீந்திரன் எங்க?"

"உள்ளதான் சார். எல்லாருமே உள்ளதான்."

ராகு காலத்தில் யாரும் வாசலைத் தாண்டக்கூடாது என்பது முதலாளியின் விதி. அங்கே பலகையில் மூன்று மொழியில் எழுதி வைத்திருக்கிறது.

"பன்னெண்டு வரைக்கும் ராகு காலம் யாசர். அப்புறம் வரச் சொல்லுங்க. முதலாளி உத்தரவு."

பதினொன்று இருபதுக்கு வாசல் இடிந்து விழுந்தது. சுஜீந்திரனோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர்.

மூடநம்பிக்கையால் வந்த சாவு என்று பத்திரிகையில் எழுதுகிறார்கள். முதலாளியைப் பிடித்து உள்ளே வைத்திருக்கிறீர்களாம். விட்டுவிடுங்கள், பாவம், அதையெல்லாம் மனதார நம்புகிறவர். நான் வாழ்க்கையில் ராகு காலம் பார்த்ததே கிடையாது. சீட்டு மாற்றியதை அவன் எழுதக்கூடாது, அவ்வளவுதான். மற்றபடி அந்தப் பதினொரு பேர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை ஐயா.